இடது கை தூக்கிய கூட்டம்

தலையைக் கடைசியில்தான் செதுக்குவார் கோத்ரி. மேடை, கில்லட்டின், குதிரைவீரர்கள், மேகம், வேடிக்கை பார்க்கிற கூட்டம் எல்லாம் செம்புத் தகட்டில் முன்கூட்டியே தயாராக இருக்கும். தலை வெட்டுகிறவன் நீட்டிய கைக்குக் கீழே மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வெற்றிடம். இன்றைக்கு யார் என்று சேதி வந்ததும் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு மூக்கும் கொஞ்சம் முடியும் போடுவார். சாயங்காலம் படம் பாரிஸ் கடைகளில் தொங்கும். அடுத்த ஆள் வந்தால் பழைய முகத்தைத் தேய்த்துவிட்டு அதே இடத்தில் புதியது.

"மேடை ஒண்ணுதான். தலைதானே மாறுது," என்பார்.

தகட்டில் செதுக்குவது தாளில் இடம் வலமாக மாறி விழும். இத்தனை வருஷத் தொழிலில் அது மட்டும் அவருக்கு ஞாபகம் நிற்பதில்லை. அவர் படங்களில் புரட்சியே இடது கையால்தான் நடக்கிறது. வாங்குகிறவர்கள் தலையைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

போன வருஷம் தெருவே அவர் வாசலில் நின்றது. படத்தில் மேடைக்கு முன்வரிசையில் தன் முகம் இருந்தால் நாளைக்கு யாரும் துரோகி என்று கைகாட்ட முடியாதல்லவா. ரொட்டிக்கடை லுபேன் கக்கத்தில் இரண்டு ரொட்டியோடு வந்தார். "குடிமகனே, நான் நல்லா சத்தம் போடற மாதிரி போடு. வாய் பெருசா தெரியணும்." கோத்ரி போட்டுக் கொடுத்தார்.

இந்த வருஷம் காற்று திசை மாறிவிட்டது. தலை எடுத்தவர்களின் தலைகளே போய்விட்டன. அன்றைக்குக் கைதட்டியவர்களைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பிரம்பும் கையுமாகத் தேடி அலைகிறார்கள். சுவரில் இருந்த படங்களை எல்லோரும் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. தகடு மட்டும் கோத்ரியிடம் இருக்கிறது. லுபேன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை 'குடிமகனே' என்ற புரட்சிக்கால அழைப்பும் இல்லை, ரொட்டியும் இல்லை.

"ஐயா, அது நான் இல்லேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடணும். அந்த ஆளு இடது கையத் தூக்கியிருக்கான். நான் வலது கைக்காரன்."

"எல்லாருமே இடதுதான்யா தூக்கியிருக்காங்க."

"அப்ப எல்லாருக்கும் சேத்து சொல்லிடுங்க."

கோத்ரி தகட்டில் இருந்த லுபேனின் வாயைத் தேய்த்து அழித்தார். எப்படியும் அழிக்க வேண்டியதுதான். போன வருஷம் தண்டனை எழுதிய நீதிபதி ஒருவரின் தலை விழும் படம் வேண்டுமென்று வியாபாரி அவசரப்படுத்துகிறார். மேடை அதே மேடை. கூட்டம் மட்டும் பட்டுக் கோட்டுக்காரர்களாக இருக்க வேண்டுமாம். புதுத் தகடு போடலாமென்றால் ஊரில் இருந்த செம்பெல்லாம் பீரங்கிக்குப் போய்விட்டது. கோத்ரியின் பிழைப்புக்கு மிச்சம் இந்த ஒரு தகடுதான்.

சலவைக்காரி பெரின் வந்தபோது மூலையில் ஒரே ஒரு ஆள் பாக்கி. அவள் புருஷன் துசேன். முஷ்டியை உயர்த்தி வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தான். எல்லைக்குச் சண்டைக்குப் போனவன். செத்த சேதிதான் வந்தது.

"அவரைத் தேய்ச்சிட்டீங்களா?"

"இனிமேதான்."

"வேண்டாம். எங்கிட்ட இருந்த படத்தைப் பயத்துல நானே அடுப்புல போட்டுட்டேன். இப்ப கண்ண மூடினா மூக்கு ஞாபகம் வரமாட்டேங்குது."

"இவனை விட்டுவச்சா வியாபாரி படத்தை வாங்க மாட்டாரு, பெரின். வாங்கினா உன் வீட்டுக்குப் பிரம்பு வரும்."

பெரின் அழவில்லை. சோப்பில் ஊறி வெளுத்த விரலால் தகட்டின் மூலையைத் தடவினாள்.

"அவரு இடது கைக்காரரு. ஊர்ல நீங்க ஒருத்தர்தான் அதைக் கவனிச்சு போட்டீங்க."

கோத்ரி மறுக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு ரம்பத்தை எடுத்து மூலையை அறுத்தார். மேடையின் ஒரு காலும் அதோடு சேர்ந்து போயிற்று. இனி அந்தத் தகட்டில் யார் தலையும் விழாது.

உள்ளங்கையளவு துண்டு. மை தடவி, ஈரத்தாளில் அழுத்தி எடுத்துக் கொடுத்தார். பெரின் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கு அவருதுதான். ஆனா வீட்டுல இப்படிக் கத்தினதே இல்ல."

கோத்ரி துண்டை எடுத்து மையைத் துடைத்தார். சிற்றுளியைக் கூர்பார்த்துக்கொண்டு, துசேன் உயர்த்தியிருந்த கையில் ஒரு ஒயின் கோப்பையைச் செதுக்க ஆரம்பித்தார்.