செம்மலின் ஆப்பிள் சேவை

உழவர்கரை செம்மல், கட்சித் தலைவரின் பிறந்தநாள்தோறும் நோயாளிகளுக்கு ஆப்பிள் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் தியாகி. 2006-இல் அந்தக் கருணை, இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் வார்டில் இறங்கியது. கூடவே இருபது தொண்டர்களும் செம்மலின் ஓயாத இருமலும்.

அந்த வார்டிலிருந்த ஒன்பது வயது கார்குழலிக்குக் காய்ச்சல் வராமலிருந்தால் வெள்ளிக்கிழமை வீடு. இரண்டு மாதமாகப் பார்க்காத தோழிகளைப் பார்க்கலாம்.

“மாஸ்க்க கழட்டும்மா, படத்துல சிரிச்ச மூஞ்சி தெரியணும்,” என்றார் செம்மல்.

“நீங்க மொதல்ல மாட்டுங்க மாமா. இருமிக்கினே நிக்கிறீங்க. எனக்குக் காய்ச்சல் வந்தா வீட்டுக்கு வுட மாட்டாங்க.”

“வாயப் பாரு இதுக்கு!” என்று மகிழ்ந்த வள்ளல் இன்னும் நெருங்கி இருமினார். கார்குழலி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் நாளிதழில் செம்மல் சிரித்தபடி ஒரு போர்வைக்கு ஆப்பிள் வழங்கினார். வெள்ளிக்கிழமை கார்குழலி காய்ச்சலில்லாமல் தவளக்குப்பத்திலுள்ள வீட்டுக்கு ஆட்டோ ஏறினாள்.