கௌரவ ஆலோசகர் என்னும் பதவி

எங்கள் பக்கத்தில் ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். கூடவே 'கௌரவ' என்று தொடங்கும் ஒரு பதவியையும் கொடுப்பார்கள். கும்பகோணத்தில் இசைப் பற்றுள்ள நாங்களாகச் சேர்ந்து நடத்தும் வாத்தியக் குழுவில், முதல் வயலின் நாற்காலி பதினோரு ஆண்டுகளாக என்னுடையது. சென்ற கார்த்திகையில் அந்த மரியாதை என்னைத் தேடி வந்தது. இதை எழுதும்போதும் கோபம் தணியவில்லை.

ஒன்பது வயதில் வில்லைப் பிடித்தேன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தது பிழைப்புக்காக; விடியற்காலைச் சாதகம் எனக்காக. திருத்துறைப்பூண்டியில் பணியாற்றிய காலத்தில், வீட்டுக்காரர் சம்பா நெல்லை அடுக்கி வைத்திருந்த அறைதான் கிடைத்தது. மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து வாசிப்பேன். நெல் சுணையில் உடம்பெல்லாம் அரிக்கும், வில் நிற்காது. மனைவி மறைந்த ஆண்டிலும் பதினாறு நாள்களுக்கு மேல் வயலின் பெட்டி மூடிக் கிடந்ததில்லை. இப்படி வாழ்ந்த ஒருவனின் காதைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள்.

குழுவில் வயலின் வாசிக்கும் மற்ற நால்வரும் தேவாலயங்களில் மேற்கத்திய முறையில் கற்றவர்கள். அவர்களுடைய தந்திகள் நிற்கும் சுருதி வேறு. ச-ப-ச-ப என்று சேர்க்கப்பட்ட என் தந்திகள் நிற்கும் சுருதி வேறு. பார்வைக்கு ஐந்தும் ஒரே வயலின்தான்.

ஆண்டு விழாவன்று மேடைக்குப் பின்னால் சுருதி சேர்த்து, வயலினை மேசைமேல் வைத்துவிட்டுக் காபி அருந்தச் சென்றேன். திரும்பி வந்து அப்படியே எடுத்துக்கொண்டு மேடையேறினேன். மீண்டும் ஒருமுறை மீட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை சேர்த்தால் போதும் என்ற என் கர்வத்தை நான் மறைக்கப் போவதில்லை.

தொடக்கம் நான் தனியாக வாசிக்க வேண்டிய பகுதி. விரல் போய் நின்ற இடத்தில் சுரம் இல்லை. அபசுரம் அரங்கம் முழுவதும் கேட்டது. நிறுத்தி, தந்திகளை முறுக்கும் பிரடைகளைத் திருகி நான் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே, கீபோர்டில் இருந்த குழுவின் செயலாளர், எங்கள் பின்வரிசையில் வயலின் வாசிக்கும் பெண்மணிக்குத் தலையசைத்தார். என் பகுதியை அந்தப் பெண்மணி வாசித்து முடித்தார்.

"பெருசுக்குக் காது போயிருச்சு போல," என்றார் அரங்கின் முன்வரிசையில் ஒருவர்.

"காது மட்டுந்தானா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மூன்று வாரங்களில் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது: நான் இனிக் கௌரவ ஆலோசகர், ஞாயிற்றுக்கிழமை பாராட்டு. அதற்கு முதல் நாள் மாலை அந்தப் பெண்மணி என் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமலே பேசினார்.

"சார், அன்னைக்கு நீங்க காபி குடிக்கப் போனப்ப, செயலாளர் எல்லா வயலினையும் ஃபோன்ல இருக்கற ஆப்பப் பாத்து ட்யூன் பண்ணாருங்க. உங்களோடது மட்டும் ரொம்பத் தப்பா இருக்குன்னு மாத்திட்டாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"மூணு வாரமா ஏன் சொல்லல?"

"உங்க சீட்டு எனக்குன்னு சொல்லிட்டாங்க சார்."

அந்த நேர்மை என் கோபத்தை இரட்டிப்பாக்கியது. செயலாளர் தெரியாமல் செய்தது பிழை. நான் மேடையில் பிரடை திருகியபோதே அவருக்குப் புரிந்திருக்கும். புரியவில்லையென்றால் அது இன்னும் கேவலம்.

ஞாயிறன்று அவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். "சார் நம்ம குழுவுக்கே ஒரு ஆலமரம்..."

"நில்லுங்க தம்பி. அன்னைக்கு என் வயலினத் தொட்டீங்களா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே."

"தொட்டீங்களா, இல்லையா?"

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பின்வரிசைப் பெண்மணி எழுந்து நின்றார். "தொட்டீங்க சார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னுதான்..."

"ஒரே மாதிரி இருக்கக் கூடாதுங்க," என்றேன். "இத்தனை வருஷம் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. அதுகூடத் தெரியலயா?"

"அப்ப காது போனது யாருக்கு?" என்றார் மிருதங்கக்காரர், தன் வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டே. இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செயலாளர் கையிலிருந்ததைப் பார்த்தார். "இத என்ன சார் பண்றது? வாங்கியாச்சே," என்று உண்மையாகவே கேட்டார்.

"மடிச்சு வைங்க. ஒத்திகைக்கு நேரமாச்சு."

பெண்மணி தம் பழைய இடத்திலேயே அமர்ந்தார். அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. என் நாற்காலியில் அமர்ந்து, எல்லோரும் பார்க்கச் சுருதி சேர்த்து, அந்தத் தொடக்கப் பகுதியை வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் வில் தந்தியை அழுத்திக் கரகரத்தது. சுருதி மட்டும் ஓர் இழைகூட விலகவில்லை. அதை அவர்கள் கடைசிவரை கேட்டார்கள்.