கேட்காமலே ஏற்றிய கொடி

அப்பா மறைந்து ஓர் ஆண்டாகிறது. மகள் என்ற முறையில் நல்லதை மட்டும் எழுதும்படி அண்ணன் சொல்லியிருக்கிறார். முயல்கிறேன். ஆனால் அப்பாவோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அது அத்தனை சுலபமல்ல.

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து லயம் என்னும் வரிசை வீடுகளில் ஒன்றில், வெள்ளைக்காரர் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போன வருடம் அப்பா பிறந்தார். புது நாடு கிடைத்த மகிழ்ச்சியில் லயமே சர்க்கரைப் பொங்கல் வைத்ததாம். அப்பா நடக்கப் பழகும் முன்பே அந்தப் புது நாடு சட்டம் போட்டு, தோட்டத்து மக்கள் தன் மக்களல்லர் என்றது. பொங்கல் வைத்ததற்கு நல்ல பரிசு!

பிறகு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். சொந்தபந்தமெல்லாம் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ எழுதிப் போட்டார்கள். அப்பா அசையவில்லை.

“சொந்த வீட்டுக்குள்ள இருக்கறவன் கதவத் தட்டுவானா?” என்றார்.

அவர் பிடித்த பிடியில் எனக்கும் பிரஜாவுரிமை இல்லாமல் போய், கிடைக்கவிருந்த ஆசிரியர் வேலை கைநழுவிப் போனது. இன்றும் நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

இதில் கொடி வேறு. ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் விடியுமுன் குளித்துவிட்டு, லயத்து வாசலில் மூங்கில் நட்டுத் தேசியக் கொடி ஏற்றுவார். நாங்களும் பல் கிடுகிடுக்க வரிசையில் நிற்கவேண்டும்.

“நம்மள வேணாம்னு சொன்ன நாட்டுக்கு என்னாத்துக்குப்பா கொடி?”

“அவங்க சொன்னா ஆச்சா? நான் சொல்லலியே!”

ஒருவழியாகச் சட்டம் மாறி, அப்பாவும் இந்நாட்டுப் பிரஜையானார். அடுத்த சுதந்திர தினத்துக்கு நானே ஆசையாகக் கொடியை இஸ்திரி போட்டு வைத்தேன். அப்பா கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

“நாட்டுக்காரவங்க எல்லாம் லீவுன்னு தூங்கறாங்க. இப்ப நானும் நாட்டுக்காரன்தானே? போம்மா அங்கிட்டு.”

இந்த மனிதரை என்னதான் செய்வது!

கடைசி மாதங்களில் மூச்சுத் திணறலால் மிகவும் அவதிப்பட்டார். அவர் கண்மூடிய அன்று, வாழ்நாளெல்லாம் உழைத்த மண்ணில் அவரைப் புதைக்க அண்ணன் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டு நின்றார். மேனேஜர் துரை கொழும்புக்குப் போயிருக்கிறார், வரும்வரை பொறுங்கள் என்றார்கள். அந்த வேதனையிலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் வீடு திரும்புவதற்குள் லயத்துப் பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே குழியை வெட்டி முடித்திருந்தார்கள்.

“யாரக் கேட்டுடா வெட்டுனீங்க?” என்று அண்ணன் பதறினார்.

“மாமா யாரக் கேட்டுக் கொடி ஏத்துனாரு?” என்றான் ஒருவன்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தம் வேனிலேயே ஏற்றிச் சென்ற, நானா என்று நாங்கள் அழைக்கும் முஸ்லிம் கடைக்காரருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட அயலவர்களுக்கும், துக்கத்தில் பங்கெடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. குழி வெட்டிய பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நன்றி. அனுமதி இன்னும் வரவில்லை. அப்பா அதற்கெல்லாம் காத்திருப்பவரல்லர்.