சுவரில் ஒரு கையகல வெளிச்சம்

எழுபதுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில், போலந்திலிருந்து வந்த ஒரு கட்டடக் கலைஞரிடம் வரைபடம் கீறுபவனாக வேலை செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. போரில் வார்சா நகரம் இடிந்து கிடந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், கொங்கிரீட்டைப் பற்றிப் பேசும்போது.

அப்போது போலந்துக்காரருக்கென ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டிருந்தோம். பீடத்துக்குப் பின்னால் உயரமான வெறும் கொங்கிரீட் சுவர். அதில் சித்திரம் தீட்டச் சபையார் ஒரு போலந்து ஓவியரை அமர்த்தினார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி.

"என் சுவருக்கு உடுப்புத் தேவையில்லை" என்றார் கட்டடக் கலைஞர்.

ஓவியர் ஒரு வாரம் தினமும் வந்து, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். ஒரு கோடும் கீறவில்லை. பிறகு அலுவலகத்துக்கு வந்து சொன்னார்: "சித்திரம் வேண்டாம். பீடத்தை ஒட்டிய தெற்குச் சுவரை மேலிருந்து கீழே ஒரு கையகலத்துக்கு வெட்டுங்கள்."

"கட்டி முடித்த சுவரையா?"

அதன்பின் இருவரும் போலிஷில் கத்தினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓவியர் போனதும் கட்டடக் கலைஞர் தன் கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார்.

தெற்குச் சுவரில் சாமான் ஏற்ற விட்டிருந்த ஓட்டையைப் பலகையால் மறைத்திருந்தார்கள். "எடு" என்றார். எடுத்தேன். மதிய வெயில் பீடச் சுவரில் சாய்ந்து விழுந்தது. கொங்கிரீட் வார்த்தபோது அதில் பதிந்த பலகைகளின் ரேகைகள், மரக்கண்கள் எல்லாம் எழும்பி நின்றன. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"அந்த வெட்டை நாளைக்கே கீறு."

திறப்பு விழாவுக்கு மனைவியையும் கூட்டிப் போனேன். தெற்குச் சுவரில் வெட்டிய பிளவு வழியே வெயில் பீடச் சுவரில் விழுந்திருந்தது.

"படம் எங்கையப்பா?"

"உந்தச் சுவர்தான்."

"அவ ஒண்டும் கீறேல்லையே!"

"ஓம், கீறேல்லை."

வாசல் கல்லில் பாதிரியாரின் பெயரும் கட்டடக் கலைஞரின் பெயரும் இருந்தன. ஓவியரின் பெயர் இல்லை. அவர் பின் வரிசையில் கைப்பையோடு நின்றார், கோப்பி கொடுக்கும் முன்பே போய்விட்டார். போய்ப் பேசியிருக்கலாம். நான் பேசவில்லை.

அடுத்த தேவாலயத்தின் முதல் வரைபடத்திலேயே அதேபோல ஒரு பிளவு இருந்தது. நல்ல யோசனை, யாருடையது என்று வந்திருந்த பாதிரியார் கேட்டார்.

"என்னுடையது" என்றார் கட்டடக் கலைஞர்.

நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.