வெயில்ல ஹீட்டர் போட்ட வேன்

அந்த மேல் வீட்டுக்காரி சொல்றத நம்பாத தங்கச்சி. சாகக் கிடந்த மனுசன மருமகன் வேனுக்குள்ள வச்சு அவிச்சிட்டாருன்னு கடை கடையா சொல்லிக்கிட்டுத் திரியுறா. வேன்ல இருந்தது நானு. அவ இல்ல.

எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் இல்லாம ஒரே குளிரு. ரெண்டு கம்பளி போத்தியும் நடுங்குறாரு. கெலிஓயாவுல இருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு மருமகன் வேன்ல ஏத்திக்கிட்டுப் போறோம். நல்ல பகல் வெயில். ஓடுற வரைக்கும் ஒண்ணுமில்ல. பேராதனைக்கிட்ட வாகனமெல்லாம் நின்னுருச்சு. அங்க வச்சுத்தான் சூடு காட்டுற முள்ளு மேல ஏறுது.

மருமகன் இறங்கிப் பாத்துட்டு, "ஃபேன் சுத்தல அத்தை"ன்னாரு. நான் வீட்டுக்காரருக்குக் குடிக்க வச்சிருந்த தண்ணிப் போத்தலத் தூக்கிக்கிட்டு, "ரேடியேட்டர் மூடியத் திறங்க, ஊத்துவோம்"னேன்.

"இப்பத் திறந்தா கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும். உக்காருங்க அத்தை."

இஞ்சினச் சுத்தித் தண்ணி ஓடுதாம். அது சூட்ட வாங்கிக்கிட்டு முன்னுக்கு இருக்கிற ரேடியேட்டருக்கு வருதாம். ஓடுற நேரம் காத்துல ஆறித் திரும்பிப் போகும். நின்னுட்டா காத்து ஏது? அதுக்குத்தான் ஃபேன். அதுதான் செத்துப் போச்சே.

"நிப்பாட்டி ஆற விடுவோமா?"ன்னு கேட்டேன்.

"அது ஆற நேரம் எடுக்கும். மாமா தாங்குவாரா?"

அப்பதான் ஹீட்டரப் போட்டாரு. அந்தச் சூட்டுத் தண்ணி நம்ம கால்மாட்டுக்கும் ஒரு சின்னக் குழாயில வருதாம். அங்க வேற ஃபேன் இருக்கு, அது சூட்ட உள்ளுக்குத் தள்ளுது. "இஞ்சின் சூட்டுல பாதிய நம்ம வாங்கிக்குவோம் அத்தை"ன்னாரு. கண்ணாடியெல்லாம் திறந்தும் என் சேலை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. முள்ளு கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு.

திரும்பிப் பாக்குறேன், அவரு நடுங்கல. கம்பளிய விலக்கிட்டு அந்தக் காத்துக்குக் கைய நீட்டிக்கிட்டு இருக்காரு. "இப்பதான் புள்ள குளிர் விட்டுச்சு"ன்னாரு. எத்தன நாளைக்குப் பொறகு அந்த முகத்துல ஒரு சிரிப்பு.

உசுரோட கொண்டு போய்ச் சேத்தோம் தங்கச்சி. மூணாம் நாளுதான் போனாரு. அதுக்குள்ள ரெண்டு மகளுகளும் வந்து பேசிட்டாங்க. அந்தச் சூட்ட நெனச்சா எனக்கு இன்னைக்கும் சந்தோசந்தான். அவிச்சாராம்ல.

இரு, மருமகன் வெளிய கெளம்ப வேன் சாவிய எடுத்துட்டாரு. இஞ்சின் குளிர்ந்து இருக்கையிலயே தண்ணி பாக்கணும். அந்தத் தண்ணிக் கேன இப்பிடிக் குடு.