இரண்டு ரேடியோவும் ஒரு துணி கிளிப்பும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். பெருமைக்குச் சொல்லவில்லை. இண்டூரில் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில், "நல்லா வேல செய்வாப்ல, ஆனா வாயக் குடுத்துடாதீங்க" என்றுதான் என்னைப் பற்றி ஊரில் பேச்சு. அந்தக் கோபத்தால் எத்தனையோ வாடிக்கையாளர்களை இழந்தேன். அவர்களில் ஒருவர் முகம்கூட இன்று ஞாபகமில்லை. ஆனால் எண்பதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோபத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினேன். அது மட்டும் என்னை விடவில்லை.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஓர் அண்ணன் இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, ஐந்து வயது மூத்தவர் என்பதால் அண்ணன். கிறிஸ்தவக் குடும்பம். கொஞ்சம் நிலம் இருந்தது, அதைத் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள். இவர் தினமும் பஸ் ஏறி தர்மபுரிக்குப் போய், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். ரத்தம் எடுப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. பச்சைக் குழந்தைக்கும் ஒரே குத்தில் நரம்பு அகப்பட்டுவிடும். குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிடுவார். "அந்தாளு வரட்டும், அப்புறம் எடுத்துக்கறோம்" என்று மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கிறுக்கு இருந்தது. கையிலிருக்கும் பெட்டியில் குச்சியைத் திருப்பினால் வானத்தில் திரும்புகிற சின்ன விமானம். அண்ணனின் மச்சினன் மஸ்கட்டில் வேலையில் இருந்தான். அவன் கொண்டுவந்த ஏதோ ஒரு பத்திரிகையில் படம் பார்த்ததில் பிடித்த கிறுக்கு அது. அடுத்த லீவுக்கு வரும்போது ஆளுக்கொரு ரேடியோ செட், மோட்டார், சார்ஜ் ஏற்றுகிற செல்கள் எல்லாம் வாங்கி வந்துவிட்டான், மகராசன். "ஒரே வூட்டு மருமகளுங்களுக்கு பொடவ எடுக்கற மாதிரி, ரெண்டும் அச்சு அசலா ஒண்ணாவே குடுன்னு கேட்டு வாங்கனேன். அப்புறம் உன்னுது ஒசத்தி என்னுது மட்டம்னு சண்டை வரக்கூடாது பாருங்க" என்று சிரித்தான்.

அச்சு அசலாக ஒன்றேதான். இரண்டு செட்டும் ஒரே அலைவரிசை. இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் போட்டால் எது சொல்வதைக் கேட்பது என்று விமானத்துக்குத் தெரியாது, பேய் பிடித்த மாதிரி உதறும். என் கடை மேசையில் வைத்து முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். மச்சினனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. அண்ணன்தான் அவன் தோளைத் தட்டி, "வுடுப்பா, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வுட்டுக்கறோம்" என்றார்.

விதி போட்டவன் நான். கடையில் ஓர் ஆணியில் சிவப்புத் துணி கிளிப் ஒன்றை மாட்டினேன். அதை எடுத்துத் தன் பெட்டியின் ஏரியலில் கவ்வ வைத்திருப்பவர் மட்டும்தான் சுவிட்சைத் தொடலாம். கிளிப் ஆணியிலும் இல்லை, நம் கையிலும் இல்லை என்றால் கப்சிப் என்று இருக்க வேண்டும். என் குழந்தைகள் ஆணையாக மீறக்கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வேறு வாங்கினேன்.

எண்ணெய் ஊற்றி ஓட்டுகிற எஞ்சினும் உண்டாம். அந்த எண்ணெய்க்கு இண்டூரில் எங்கே போவது? அதனால் மின்சார விமானம்தான். டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலைச் சேர்த்து வைத்து, ஹீட்டர் காயில் கம்பியைச் சூடாக்கி இறக்கை அறுத்தோம். மேலே பிரவுன் பேப்பர் ஒட்டினோம். செல்களை வரிசையாக ஈயம் வைத்துப் பற்றவைத்து பேட்டரி கட்டுவது என் வேலை. கரண்டு எப்போது வரும் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு பழைய லாரி பேட்டரியிலிருந்து, நடுவில் ஒரு பல்பைப் போட்டு, நிதானமாகச் சார்ஜ் ஏற்றினேன். ஒரு முழு ராத்திரி ஏற்றினால் ஐந்து நிமிடம் பறக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு வாரம் முழுக்கக் காத்திருப்போம்.

சண்டை வந்தது செல் எண்ணிக்கையில். ஏழு செல் போட்டால் வேகம் கூடும் என்றேன் நான். ஆறே போதும், ஏழாவது செல் தன் பாரத்தைத் தூக்கவே அந்த வேகத்தைத் தின்றுவிடும் என்றார் அவர். "கரண்டு சமாச்சாரத்துல எனக்கே பாடமாங்கண்ணா?" என்று நான் ஏழு செல் கட்டினேன். அவர் ஆறு கட்டினார். பேட்டரியை முன்னே பின்னே நகர்த்திவிட்டு, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனியை மட்டும் கொடுத்து விமானத்தைத் தூக்குவார். பாரம் சரியாக இருந்தால் அது மூக்கும் தொங்காமல் வாலும் தொங்காமல் அப்படியே நிற்கும். நான் தூக்கினால் என் விரலே ஆடும். அவர் தூக்கினால் ஓர் இம்மியும் அசையாது.

ஏரி வறண்டு கிடந்த கோடை அது. என் விமானம் இரண்டு பனை உயரம்கூட ஏறாமல் வண்டல் மண்ணில் மொத்தென்று விழும். அவருடையது கரையைத் தாண்டி ஏறி, வட்டமடித்து, சத்தமே இல்லாமல் காலடியில் வந்து இறங்கும். சர்ச் முடிந்து வருகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் என்று கூட்டம் கூடிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் அண்ணன் விளையாட்டாகச் சொன்னார்: "எங்க தம்பி செய்யறது ஏரோப்ளேன் இல்லீங்க, செங்கல்லு. றெக்க மொளச்ச செங்கல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீடு ஏரிக்கரைக்குப் பக்கத்திலேயே. மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தால் அவர் விமானம் என் கண் மட்டத்தில் பறந்துகொண்டிருந்தது. என் பெட்டி கையில் இருந்தது. சிவப்பு கிளிப் அவரிடம் இருந்தது.

ரிப்பேர் பார்க்கத்தான் சுவிட்சைப் போட்டேன், அவ்வளவு தூரம் எட்டாது என்று நினைத்தேன் என்றெல்லாம் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஏரியலை முழுக்க இழுத்துவிட்டுத்தான் போட்டேன். ஒரு உதறு உதறட்டும், ஒரு நொடி பயப்படட்டும், அந்தச் சிரிப்பு நிற்கட்டும். அதுதான் எண்ணம். விமானம் நடுங்கியது. உடனே அணைத்தேன். ஆனால் அது அதற்குள் ஒரு பக்கம் சரிந்துவிட்டது, நிமிர உயரம் போதவில்லை. கரைக் கல்லில் மோதி இறக்கை இரண்டாகப் போனது.

ஓடினேன். திட்டுவார், நானும் திட்டுவேன், சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து வேறு இறக்கை அறுப்போம் என்று நினைத்துக்கொண்டுதான் ஓடினேன். அவர் விமானத்தின் பக்கமே போகவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை நடுங்கிருச்சுப்பா. அப்பனுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு."

அவருடைய அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசி நாலு வருடம் அவருக்குச் சோறு ஊட்டியது இவர்தான். அந்த நோய் தனக்கும் வருமோ என்று இவர் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாமே! "காத்து அடிச்சிருக்கும்ங்கண்ணா" என்றேன். பாவி, அதுதான் என் வாயில் வந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பெட்டியை என் கடைக்குக் கொண்டுவந்தார். "நல்லா பாத்துச் சொல்லு. ரேடியோவுல கோளாறுன்னா என் கையில கோளாறு இல்லன்னு ஆகும்." பிரித்துப் போட்டு ஒரு மணி நேரம் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரே ஒரு தடவை கேட்டார்: "உன் ரேடியோ அணச்சுத்தான இருந்துச்சு?"

"கிளிப்பு உங்ககிட்டதானுங்களே இருந்துச்சு?"

"ஆமாம்ப்பா, எங்கிட்டதான் இருந்துச்சு" என்று உடனே தலையாட்டினார். அதற்கு மேல் என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

"ரேடியோ நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான உண்மை அது. ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது என்று பொய் சொல்லியிருந்தாலாவது புண்ணியமாகப் போயிருக்கும். அவர் எழுந்து, பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு, "நீயே வச்சுக்க, இனி சண்ட இல்லாம தனியா வுடு" என்று சொல்லிப் போனார்.

அதோடு ஊசி பிடிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு குழந்தையின் கையில் தன் கை தவறிவிட்டால் என்ன ஆவது என்று பயம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ரத்தம் எடுக்க, இவர் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சைக்கிளைக்கூட விட்டுவிட்டு நடந்தார். அவர் மனைவி ஒருநாள் கடைக்கு வந்தார். "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க தம்பி. சேலத்துல பெரிய டாக்டர்கிட்ட காட்டியாச்சு, கையில ஒண்ணுமே இல்லன்னுட்டாரு. நம்ப மாட்டேங்கறாரு. நான் என் கண்ணால பாத்தேன், ஏரோப்ளேனே நடுங்குச்சுங்கறாரு. வூட்டுல சாப்புடறப்பகூட கையத்தான் பாத்துக்கிட்டே இருக்கறாரு." சொல்லிக்கொண்டே அண்ணி அழுதுவிட்டார்.

"சொல்றேங்க அண்ணி" என்றேன். சொல்லவில்லை. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு வசவோடு முடிந்திருக்கும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார். ஆறு மாதம் ஆனபோது அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. தெருவில் அவர் வந்தால் கடைக்குள் போய் எதையாவது பற்றவைக்க ஆரம்பிப்பேன். விமானம் விடுவதை நானும் நிறுத்திவிட்டேன். அதில் யாருக்கு என்ன லாபம்?

இரண்டு வருடம் போனது. மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. அதன் கட்டைவிரல், அவருக்கே தெரியாமல், ஆட்காட்டி விரலோடு உரசி உரசி ஆடிக்கொண்டிருந்தது. அவர் அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது என்று அண்ணி பிறகு சொன்னார். இந்தத் தடவை டாக்டரும் அதுதான் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் எனக்குச் சொல்லத் தைரியம் வந்தது. எப்படிப்பட்ட தைரியம் பாருங்கள். நோய் நிஜமாகவே வந்துவிட்டது, எப்படியும் வரவேண்டியதுதான், ஆகவே என் தப்பின் பாரம் குறைந்துவிட்டது என்று எனக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். ஒரு மத்தியான நேரம் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி கிணற்றடியில் இருந்தார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, மொட்டை மாடியிலிருந்து ஏரியல் வரைக்கும் எதையும் விடாமல் சொன்னேன்.

அண்ணன் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"அப்ப, அன்னிக்கி என் கை நடுங்கல?"

"இல்லீங்கண்ணா."

"சேலத்து டாக்டரு சொன்னது நெசந்தான்?"

"நெசந்தாங்க."

ஆடுகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். எத்தனை குழந்தைகளுக்குத் தன் இடத்தில் ஊசி பிடித்த அந்தப் பெண் இரண்டு குத்து, மூன்று குத்து குத்தினாள் என்று மெல்ல ஞாபகப்படுத்திச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழக்கமான சரக்கு, வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்பன்னா ரெண்டு வருசம் எனக்குக் கை இருந்திருக்குதேப்பா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போ என்று அவர் சொல்லவில்லை.