அக்தரைத் தேடிப் போன கார்

பொழிச்சலூரில் தையல் கடை வைத்திருக்கும் ஜஹீராவுக்கு இருந்த ஒரே உறவு தம்பி அக்தர். முப்பது வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. மிருகங்களைப் பார்த்தால் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பான். தாம்பரம் ஸ்டேஷன் கூட்டத்தில் ஒருநாள் அவள் கையை விட்டுப் போனவன் திரும்பவில்லை.

போலீஸ், ஆஸ்பத்திரி, காப்பகம் என்று மூன்று வாரம் அலைந்து ஓய்ந்தபின், "மிருகம் இருக்கிற இடத்துக்குத்தான்டி போயிருப்பான்" என்றாள் ஜஹீரா. தோழிகள் ஜான்சியும் சத்யபிரியாவும் லீவு போட்டுக் காரை எடுத்தார்கள். வண்டலூர், மாமல்லபுரம் பக்கம் ஒரு மீன் காட்சியகம், மைசூர். எல்லா இடத்திலும் ஊழியர்கள் அக்தரின் போட்டோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஐந்தாம் நாள் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில், நீர்யானைத் தொட்டியருகே இருந்த தமிழ்க் காவலாளி போட்டோவை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இவன மாதிரிதான் ஒருத்தன். நாள் முழுக்க இங்கயே நின்னான், பேசல."

"எப்போ சார்?"

"பத்து நாள் இருக்கும். அப்புறம் வரல."

ஜஹீரா கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூடும் நேரமாகியும் எழவில்லை.

"லீவு இன்னையோட முடியுதே" என்று ஜான்சி தயங்கினாள்.

"நீங்க போங்கடி. காலைல கேட் திறக்கும்போது நான் இங்க இருக்கணும்."

சத்யபிரியா ஆபீசுக்குப் போன் போட்டு, வரமுடியாது என்றாள். மறுநாள் காலையில் மூவரும் வாசலில் நின்றார்கள். அன்றும் அக்தர் வரவில்லை.